நெஞ்சைத் திறப்பதற்கு முந்தைய நாள்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்ட பின்னர் சிறிது நேரம் பேசுமாறு நிர்வாகம் எங்களைப் பணித்தது. நாங்கள் என்பது இந்த மஹல்லாவைச் சேர்ந்த மூவர். ஒருவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஒருவர் காதர்பேட்டையில் கடை வைத்திருப்பவர். மூன்றாமவர் செக்கிங் வேலை பார்த்த சகோதரி. தாம் சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுத்துவிட்டுத் திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கிறார். எங்கள் மூவரின் மார்பெலும்பும் ஒருமுறை அறுக்கப்பட்டு எஃகுக் கம்பியால் கட்டப்பட்டிருக்கிறது. மூவரின் இதயத்திலும் இறைவன் படைத்த வால்வு ஒன்று பழுதாகி, அதன் இடத்தில் மனிதன் செய்த வால்வு இயங்குகிறது. பள்ளியில் எங்கள் அருகே நின்று தொழுதவர்களில் சிலர், அமைதியான நேரத்தில் கடிகாரம் ஓடுவது போன்ற மெல்லிய ஓசையைக் கேட்டிருக்கலாம். அது கைக்கடிகாரம் அன்று.

வால்வு நோய் எங்களுக்கு வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறோம். மூவருக்கும் சிறு வயதில் தொண்டைப் புண்ணும் காய்ச்சலும் வந்தன. சில வாரங்கள் கழித்து முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு என்று மூட்டுகள் மாறி மாறி வீங்கின. வளரும் பிள்ளைக்கு வரும் கால்வலி என்று வீட்டார் தைலம் தேய்த்தார்கள். வீக்கம் வடிந்தது, எல்லோரும் மறந்தோம். ஆனால் அந்தக் காய்ச்சல் இதய வால்வின் மெல்லிய இதழ்களில் தழும்பை விட்டுச் சென்றிருந்தது. அத்தழும்பு பத்து, இருபது ஆண்டுகளில் தடித்து, வால்வு சுருங்கியோ ஒழுகியோ போகிறது. ஒரு தெருக் குழாயைப் பத்துக் குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் லைன் வீடுகளில், ஒரே அறையில் ஆறு பேர் படுத்துறங்கும் இடங்களில், தொண்டைக் கிருமி எளிதாகப் பரவும். பிள்ளைக்குத் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து மூட்டு வீக்கம் வந்தால் தைலத்தோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்று வாரத்திற்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியை ஆண்டுக்கணக்கில் தவறாமல் போட்டுக்கொண்ட பிள்ளைகளில் பலர் எங்கள் நிலைக்கு வராமல் தப்பியிருக்கிறார்கள்.

இனி நாங்கள் பேச வந்த செய்தி.

அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய நாளில் நோயாளியைச் சுற்றிக் கூட்டம் இருக்கும். நம் சமுதாயத்தில் நோயாளியை நலம் விசாரிக்கச் செல்வது நற்செயல். அதில் நாம் குறை வைப்பதில்லை. ஆர்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் மேசை மேல் நிறைந்துவிடும். ஆனால் வந்தவர்கள் என்ன பேசுகிறார்கள்? எங்கள் கடைக்கார சகோதரரின் கட்டிலருகே அமர்ந்து ஒரு பெரியவர், தம் மச்சான் இதே ஆப்பரேசனுக்குப் போய் மையித்தாகத் திரும்பி வந்த வரலாற்றை முழுமையாகச் சொல்லிவிட்டு, “நீங்கள் பயப்படாதீர்கள் பாய், எல்லாம் நஸீப்” என்று முடித்தார். இன்னொருவர், ஆப்பரேசனே வேண்டாம், ஊரில் ஒரு மூலிகை வைத்தியர் இருக்கிறார் என்றார். மனைவி அழுகையை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தார். மகன் இரத்தம் கொடுக்க ஆள் தேடிப் போய்விட்டான். மருத்துவர் வந்தார், ஆபத்து எத்தனை விழுக்காடு என்று சொன்னார், கையொப்பம் வாங்கினார், சென்றார். அவர் சொன்னதில் பிழை ஏதுமில்லை. ஆனால் நோயாளியின் மனத்தில் இருந்த கேள்வி விழுக்காட்டைப் பற்றியதன்று. கண் விழிக்கும்போது எங்கே இருப்பேன், வலி எப்படி இருக்கும், மறுபடி தையல் மேசையில் குனிய முடியுமா, பிள்ளையைத் தூக்க முடியுமா என்பவை அவருடைய கேள்விகள். அவற்றை மருத்துவரிடம் கேட்க வெட்கம். வீட்டாரிடம் கேட்டால் அவர்கள் உடைந்துபோவார்கள்.

அன்று மாலை, அதே வார்டில் பரிசோதனைக்கு வந்திருந்த முன்பின் தெரியாத ஒருவர், அவிநாசிப் பக்கம் விசைத்தறி ஓட்டுபவர், கட்டிலருகே நின்றார். சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றி மார்பின் நடுவே இறங்கும் கோட்டைக் காட்டினார். “ஐந்து வருசம் ஆகிறது, நேற்றுக்கூட இரண்டு ஷிப்ட் ஓட்டினேன்” என்றார். பிறகு அமர்ந்து, மறுநாள் என்ன நடக்கும் என்று ஒன்றொன்றாகச் சொன்னார். விழிக்கும்போது தொண்டையில் குழாய் இருக்கும், பேச வராது, பதறாதீர்கள், கையை அசைத்தால் நர்ஸ் வருவார். கையை லேசாகக் கட்டியிருப்பார்கள். குழாயைப் பிடுங்கிவிடாமல் இருப்பதற்காகத்தான். தாகம் நெருப்பாக இருக்கும், பஞ்சை நனைத்து உதட்டில் வைப்பார்கள். இருமல் வந்தால் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு இருமுங்கள். மூன்று பந்து இருக்கும் ஒரு கருவியைக் கொடுப்பார்கள். அதை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். நான்காம் நாள் காரணமில்லாமல் அழுகை வரும். அது பைத்தியம் அல்ல, எல்லோருக்கும் வருவதுதான்.

அன்றிரவு எங்கள் சகோதரர் உறங்கினார். மறுநாள் மாலை கண் விழித்தபோது பேச்சு வரவில்லை, அவர் பதறவில்லை. அந்த விசைத்தறிக்காரரின் பெயரை அவர் கேட்டுக்கொள்ளவில்லை. இன்றுவரை அவரை மீண்டும் காணவுமில்லை.

இது தற்செயலாகக் கிடைத்த துணை. தற்செயலுக்கு விடாமல் இதை ஒரு முறைமையாக்கியவர்களும் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் டுவைட் ஹார்க்கன் என்ற இதய அறுவை மருத்துவர் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களின் இதயத்தில் தைத்த குண்டுத் துண்டுகளை அகற்றியவர். போருக்குப் பின் சுருங்கிய வால்வைத் திறக்கும் அறுவையில் முன்னோடிகளுள் ஒருவர். இதயத்தைத் தொடுவதே பெருந்துணிவு என்றிருந்த அக்காலத்தில், 1951-இல், அவரிடம் அறுவை செய்துகொண்டு பிழைத்த நால்வர் கூடிப் பேசினார்கள். அடுத்து அறுவைக்குச் செல்வோரை நாம் போய்ப் பார்க்கலாமே என்று முடிவு செய்தார்கள். ‘செப்பனிடப்பட்ட இதயங்கள்’ என்று பொருள்படும் பெயரில் அவர்கள் தொடங்கிய அமைப்பு இன்றும் இயங்குகிறது. பிற்காலத்தில் ஆய்வாளர்களும் இதை அளந்து பார்த்தார்கள். முதன்முறையாக இதய அறுவைக்குச் செல்லும் ஆண்களிடம் முன்பே அதைக் கடந்தவர்களை அனுப்பிப் பேசவைத்த கனடா நாட்டு ஆய்வு ஒன்று 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவ்வாறு சந்திக்கப்பட்டவர்களிடம் அச்சம் குறைந்திருந்தது. வீடு திரும்பிய பின் நடமாட்டமும் கூடியிருந்தது. பெண்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. பெண்களுக்கு இதைவிட அதிகமாகவே துணை தேவை என்பது எங்கள் சகோதரியின் கருத்து.

அவர் எழுதிக் கொடுத்ததைச் சுருக்கிச் சொல்கிறோம். திருமணமாகி ஓராண்டில் மூச்சுத் திணறல் வந்தது. பலூன் மூலம் வால்வை விரிக்கும் சிகிச்சைக்கு ஏற்ற நிலையில் வால்வு இல்லை. மாற்றத்தான் வேண்டும் என்றார்கள். உலோக வால்வு வைத்தால் நெடுங்காலம் உழைக்கும். ஆனால் இரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுவதும் மாத்திரை வேண்டும், அந்த மாத்திரை கருவிலுள்ள சிசுவைப் பாதிக்கக்கூடும். விலங்குத் திசுவால் ஆன வால்வு வைத்தால் பெரும்பாலும் அந்த மாத்திரையை நெடுநாள் சாப்பிட வேண்டியதில்லை; ஆனால் இள வயதினருக்கு அது விரைவில் தேய்ந்துபோகும், மீண்டும் ஒருமுறை மார்பைத் திறக்க நேரும். இதை மாமியார் வீட்டில் யாரிடம் பேசுவது? மருத்துவமனைத் தாழ்வாரத்தில், பல்லடத்தைச் சேர்ந்த ஓர் அக்கா கைக்குழந்தையோடு அமர்ந்திருந்தார். உலோக வால்வோடு பிள்ளை பெற்றவர். கருவுறுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி, அவர் காட்டிய வழியில் மாத்திரைக்குப் பதில் சில காலம் ஊசி போட்டுக்கொண்டதையும், பட்ட அச்சத்தையும், மருத்துவமனையில் கிடந்த நாள்களையும் மறைக்காமல் சொன்னார். “நீயும் பெறலாம் என்று நான் சொல்லவில்லை, இந்தக் கேள்வியை டாக்டரிடம் கேட்கலாம் என்று மட்டும் சொல்கிறேன்” என்றாராம். எங்கள் சகோதரி கணவரையும் அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் சென்று கேட்டார். எந்த வால்வைத் தேர்ந்தார் என்பது அவர் குடும்பத்துச் செய்தி. தம் வாயால் கேட்டுத் தாமே முடிவு செய்ததைத்தான் சொல்லச் சொன்னார்.

கட்டிங் மாஸ்டருக்கு வைக்கப்பட்டது சித்ரா வால்வு. அதைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்துவது கடினம். ஆனாலும் பின்னலாடை ஊரில் இதைச் சொல்லாமல் விடக் கூடாது. வெளிநாட்டு வால்வின் விலை ஏழைகளுக்கு எட்டாதிருந்த காலத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் மருத்துவர்களும் பொறியாளர்களும் கூடி நம் நாட்டிலேயே ஒரு வால்வை உருவாக்க முயன்றார்கள். முதல் மூன்று வடிவங்களும் தோற்றன. நான்காவது வடிவம் ஆடுகளில் சோதிக்கப்பட்டுத் தேறி, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பிறகு டி.டி.கே. நிறுவனம் அதைத் தயாரித்தது. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் நெஞ்சில் அது பொருத்தப்பட்டிருக்கிறது. டாக்டர் வலியத்தான் 2024-இல் காலமானார். அந்த வால்வின் கூடு உலோகம். அதில் சாய்ந்து சாய்ந்து திறந்து மூடும் தட்டு ஒருவகைப் பாலிதீன். நாம் பனியனை மடித்துப் போடும் பைக்குத் தூரத்து உறவு. அதை இதயத்தோடு வைத்துத் தைக்கும் வளையம் பாலியஸ்டர் துணி. இருபது வருசமாகத் துணி வெட்டிய கைக்கு உள்ளேயும் துணிதான் என்று மாஸ்டர் சிரிப்பார். அறுவைக்கு முந்தைய நாள் இதை யாராவது தமக்குச் சொல்லியிருந்தால், நெஞ்சில் ஏதோ பேய்ப்பொருளை வைக்கப் போகிறார்கள் என்ற கலக்கம் பாதியாகக் குறைந்திருக்கும் என்பது அவர் ஆதங்கம்.

நம்மவர்கள் மருத்துவரிடம் கேட்கத் தயங்குகின்ற, ஆனால் எங்களிடம் தவறாமல் கேட்கின்ற சில கேள்விகள் உண்டு. முதலாவது, பன்றியின் வால்வைப் பற்றியது. திசு வால்வுகளில் பன்றியின் வால்வால் ஆனவையும் உண்டு. மாட்டின் இதய உறையால் ஆனவையும் உண்டு. உலோக வால்வில் இந்தப் பேச்சே எழாது. உயிர் காக்கும் நிர்ப்பந்த நிலைக்கு மார்க்கத்தில் உள்ள சலுகையை ஆலிம்கள் விளக்குவார்கள். அது எங்கள் வேலையன்று. நாங்கள் சொல்வது, இந்த ஐயத்தைத் தள்ளுவண்டியில் படுத்த பிறகு எழுப்பாமல் பத்து நாள் முன்னதாகவே இமாமிடமும் மருத்துவரிடமும் கேட்டுவிடுங்கள் என்பதே. அடுத்தது தொழுகை. அறுக்கப்பட்ட மார்பெலும்பு கூடுவதற்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும். அதுவரை கையூன்றி எழுவதும் பாரம் தூக்குவதும் ஆகாது. ஆகவே ஸஜ்தாவுக்காகத் தரையில் கையூன்றிச் செல்லாமல், நாற்காலியில் அமர்ந்து தொழுவதைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது நோன்பு. அசிட்ராம் போன்ற மாத்திரையைப் பலரும் மாலையில் ஒருவேளைதான் சாப்பிடுகிறார்கள். இஃப்தாருக்குப் பின் சாப்பிட்டால் போதுமா, நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர் பகல் முழுதும் தண்ணீரின்றி இருக்கலாமா என்பதை அவரவர் மருத்துவரே சொல்ல வேண்டும். மாத்திரையை விட்டுவிட்டு நோன்பு பிடிப்பது மட்டும் கூடவே கூடாது.

இரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் ஹிஜாமா செய்துகொள்ளப் போவதையும் இந்த இடத்தில் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். கீறிய இடத்தில் இரத்தம் நிற்காது. கம்பெனியில் இடுப்பு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் வலி மாத்திரையும் அப்படியே. அசிட்ராமோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தக் கசிவு ஏற்படலாம். பல் பிடுங்கப் போகுமுன் வால்வு வைத்திருப்பதைச் சொல்லுங்கள். வாயிலிருந்து கிருமி வால்வுக்குப் போய்விடக்கூடும். முருங்கைக்கீரையை ஒரு வாரம் தினமும் தின்றுவிட்டு மறுவாரம் தொடாமல் விட்டால் ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனைக் கணக்கு மேலும் கீழுமாக ஆடும். கீரையை விலக்கத் தேவையில்லை; அளவு மாறாமல் உண்ணுங்கள்.

இவ்வளவு பேசும் நாங்கள் தவறியதும் உண்டு. அதைச் சொல்லாமல் அமர்ந்தால் இந்த உரை நேர்மையற்றதாகிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன், பவர் டேபிள் ஓட்டும் ஒரு சகோதரர் அறுவைக்குச் செல்லுமுன் அவரை நாங்கள் சென்று கண்டோம். தழும்பைக் காட்டினோம், தைரியம் சொன்னோம், அவருடைய தாய் எங்கள் கையைப் பிடித்து துஆச் செய்தார். அறுவை நல்லபடியாக முடிந்தது. எங்கள் கடமையும் முடிந்தது என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம். அவர் கம்பெனி மாறினார், வீடு மாறினார், வெள்ளிக்கிழமை தொழுகையில் தூரத்தில் பார்த்தால் கையசைப்போம். ஒருநாள் பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் வந்திருக்கிறது. மாத்திரையால்தான் இரத்தம் வருகிறது, விட்டுவிடு என்று பக்கத்து மெஷின்காரர் சொல்லியிருக்கிறார். இரத்தப் பரிசோதனைக்குப் போனால் அரை நாள் கூலி போகும். மாத்திரையை நிறுத்திவிட்டார். உடம்பு நன்றாகவே இருந்தது, சில வாரங்கள். பின்னர் வால்வில் உறைந்த இரத்தக் கட்டி மூளைக்குச் சென்றது. இன்று அவருக்கு வலக்கை வழங்காது. சொல்ல நினைப்பது வாயில் வராது. அவர் தாயின் முகத்தைப் பார்க்க எங்களுக்குத் துணிவு வர நாளாயிற்று.

அவருக்கு அறுவைக்கு முன் நாங்கள் கொடுத்தது தைரியம். அறுவைக்குப் பின் அவருக்குத் தேவைப்பட்டது, ஈறில் இரத்தம் வந்த அன்று தயங்காமல் கதவைத் தட்ட ஒரு வீடு. அதன் பிறகு நாங்கள் வழக்கத்தை மாற்றிக்கொண்டோம். ஒருமுறை சென்று கண்டவரை அத்தோடு விடுவதில்லை. மாதம் ஒருமுறை ஐ.என்.ஆர். சீட்டைக் காட்டச் சொல்கிறோம். எண் கூடினாலும் குறைந்தாலும் மாத்திரையின் அளவை நாங்கள் சொல்வதில்லை. வண்டியில் ஏற்றி மருத்துவரிடம் கொண்டு சேர்க்கிறோம். எங்களுக்கு ஒத்துக்கொண்டது என்று எந்த மருந்தையும் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அறுவை வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டால் வாய் திறப்பதில்லை. நலம் பெறாதவர்களின் கதையைக் கட்டிலருகே சொல்வதில்லை. ஆனால் நேரடியாகக் கேட்டால் பொய்யும் சொல்வதில்லை.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2012 முதல் நடைமுறையில் உள்ள முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வால்வு அறுவையும் அடங்கும். வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் அட்டை எடுத்துக்கொள்ளலாம்; மூச்சுத் திணறல் வருமுன்பே எடுத்து வையுங்கள். ஈ.எஸ்.ஐ. உள்ளவர்கள் சந்தா விடுபடாமல் பிடிக்கப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காண்ட்ராக்டில் கம்பெனி மாறும்போது இது அறுந்துபோகிறது. அந்தச் சகோதரருக்கும் அறுந்திருந்தது.

நாங்கள் ஒரு சங்கம் அமைக்கவில்லை. பெயர்ப் பலகையும் ரசீதுப் புத்தகமும் இல்லை. ஜமாஅத்திடம் நாங்கள் கேட்பது பணமும் அன்று. இந்த மஹல்லாவில் இதய அறுவை முடிந்து நலமாக இருப்பவர்கள் எங்கள் மூவரை விட அதிகம் என்பதை அறிவோம். சிலர் அதை மறைக்கிறார்கள். மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டில் இது தெரியக் கூடாது என்பார்கள். அந்தச் சங்கடம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. பெயரை எழுதி நோட்டீஸ் பலகையில் ஒட்டப் போவதில்லை. இமாம் ஒருவரிடம் மட்டும் சொல்லி வையுங்கள். நாளை ஒருவருக்குத் தேதி குறிக்கப்படும்போது, அவர் வயதுக்கும் தொழிலுக்கும் ஒத்தவரை அவரிடம் அனுப்ப முடியும். குறிப்பாகப் பெண்கள் வேண்டும். திரைக்கு அப்பால் எங்கள் சகோதரி ஒருவரே எல்லாப் பெண்களிடமும் ஓடிக்கொண்டிருக்கிறார்.

வரும் வியாழக்கிழமை, நம் ஜமாஅத்தைச் சேர்ந்த பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் கோவையில் அட்மிட் ஆகிறார், சனிக்கிழமை அறுவை. ஓவர்லாக் டெய்லர். எங்களில் இருவர் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் புறப்படுகிறோம். காரில் இரண்டு இடம் காலியாக இருக்கிறது. இரத்தம் கொடுக்க வருபவர்களும், தழும்பு உள்ளவர்கள் எவரேனும் இருந்தால் அவர்களும், ஜும்ஆ முடிந்ததும் ஹவ்ளுக்கு அருகில் எங்களைப் பார்க்கவும்.

வஸ்ஸலாம்.